‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்’ என்ற பாதி எங்கே போனது?

கேள்வி: என் தங்கைக்கு வயது 24. பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாம் இடம் வாங்கியவள். பொறியியல் முடித்து இரண்டு வேலைகளில் சேர்ந்தாள், இரண்டையும் விட்டுவிட்டாள். கோபம் வந்தால் கையைக் கீறிக்கொள்கிறாள். சென்ற ஆண்டு ஒரு சண்டைக்குப் பிறகு மாத்திரைகளை விழுங்கி மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். ‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்றார்கள். உளவியல் சோதனையும் செய்தார்கள். அறிவுத்திறன் சராசரிக்கு மேல். கவனம், செயல்நினைவு, திட்டமிடல் மூன்றும் குறைவு என்று அறிக்கையில் இருக்கிறது. போன மாதம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். ‘இன்று வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்’ என்றேன். அவள் அம்மாவிடம் போய், ‘அக்கா இனி இந்த வீட்டுக்கு வரமாட்டாளாம்’ என்று சொல்லி அழுதிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால், சாமி படத்தின் மேல் சத்தியம் செய்கிறாள். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் பேசுகிறாள். அம்மா ‘திமிர், நடிப்பு’ என்கிறார். என் கணவர் ‘மூளையில் ஏதோ குறை’ என்கிறார். எது உண்மை? அந்த அறிக்கைக்கும் அவள் குணத்துக்கும் தொடர்பு உண்டா? இது மாறுமா? நீங்கள் எழுதும் பதிலை அவளிடம் காட்டலாமா?
— ஓர் அக்கா, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் சின்ன வாக்கியத்தைத்தான். ‘இன்று வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.’ உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் அதை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

உங்களை அரித்துக்கொண்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்று உங்கள் தங்கை பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் சொன்னதை நீங்களும் மாற்றிச் சொல்லவில்லை. உங்கள் வாக்கியத்தில் இரண்டு பாதிகள் இருந்தன. அவளிடம் போய்ச் சேர்ந்தது முதல் பாதி மட்டும். ‘வர முடியாது’ என்ற சொல் விழுந்த கணத்திலேயே, அக்கா என்னைக் கைவிடுகிறாள் என்ற பயம் அவளுக்குள் எழுந்திருக்கும். உணர்ச்சிகளும் உறவுகளும் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் இந்த நோயில், கைவிடப்படுவோமோ என்ற பயம் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் ‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்’ வந்தது. காதில் விழுந்தது, மனத்தில் நிற்க இடமில்லை. பிறகு அம்மாவிடம் சொல்லப்போனபோது தன்னிடம் இருந்த பாதியை வைத்து முழுக் கதையையும் அவள் மனமே கட்டிக்கொண்டது. அவள் சாமி படத்தின் மேல் சத்தியம் செய்ததும் அதனால்தான். அவளைப் பொறுத்தவரை அது நடந்த உண்மை.

அறிக்கையில் இருக்கும் ‘செயல்நினைவு’ என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது. பிளஸ் டூவில் படித்ததை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தும் நினைவு வேறு. அது உங்கள் தங்கைக்கு நன்றாகவே இருக்கிறது. செயல்நினைவு என்பது, கையில் இருக்கும் காரியம் முடியும்வரை சில விவரங்களை மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கும் திறன். நெரிசலான டவுன் பஸ்ஸில் நடத்துநரைப் பாருங்கள். புதிதாக ஏறியவர்கள் யார், மூன்றாவது இருக்கைக்காரருக்கு 7 ரூபாய் மீதி தர வேண்டும், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய பாட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏந்தியிருப்பார். அப்போது முன்படிக்கட்டில் இருவர் கைகலப்பில் இறங்கினால் அவர் கவனம் முழுவதும் அங்கே ஓடும். 7 ரூபாய் மறந்துபோகும். பிறகு கேட்டால், ‘அப்போதே கொடுத்துவிட்டேனே’ என்று உறுதியாகச் சொன்னாலும் சொல்வார். அவர் அந்தப் பணத்தைத் திருடவில்லை.

உங்கள் தங்கைக்கு இரண்டு சிரமங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. ஏந்திக்கொள்ளும் கொள்ளளவு சற்றுக் குறைவு என்கிறது அறிக்கை. முன்படிக்கட்டுக் கைகலப்போ, மற்றவர்களுக்கு நடப்பதைவிட அடிக்கடியும் பலமாகவும் அவளுக்குள் நடக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். இரண்டும் சேரும்போதுதான் ‘ஞாயிற்றுக்கிழமை’ தொலைந்துபோகிறது.

உளவியலாளர்களான என் துறையினர்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சோதனைகளை இரண்டு மணி நேரம் நடத்துகிறோம். எண்களை வரிசையாகவும் தலைகீழாகவும் சொல்லச் சொல்கிறோம், சிதறிக் கிடக்கும் எண்களைக் கோட்டால் இணைக்கச் சொல்கிறோம், பச்சை மையில் எழுதிய ‘சிவப்பு’ என்ற சொல்லுக்கு மையின் நிறத்தைச் சொல்லச் சொல்கிறோம். கடைசியில் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தத் தாள் வீட்டுக்குப் போய் என்ன செய்யும் என்று யோசிப்பதில்லை. உங்கள் வீட்டில் அது ‘மூளையில் குறை’ ஆகிவிட்டது. அந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை.

அது சொல்வது இவ்வளவுதான்: அன்றைய தினம், அமைதியான ஓர் அறையில், அவள் கவனமும் செயல்நினைவும் அவள் வயதினரின் சராசரியைவிடக் குறைவாக இருந்தன. அன்றைய தினம் எது? மாத்திரை விழுங்கிச் சில நாட்களுக்குள்; தூக்கம் கெட்டு, குற்ற உணர்வு அழுத்திக்கொண்டிருந்த நேரம். அந்த நிலையில் யாருக்குமே மதிப்பெண் சற்று இறங்கும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, அவள் நிதானமாக இருக்கும்போது மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமைதியான அறையில் நன்றாகச் செய்துவிட்டு வீட்டில் தடுமாறுகிறவர்களும் உண்டு. சோதனை அறையில் யாரும் ‘வர முடியாது’ என்று சொல்வதில்லை அல்லவா?

இது உங்கள் தங்கைக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் அல்ல. இந்த நோய் உள்ளவர்களிடம் கவனம், நினைவு, சிந்தனையின் வேகம், திட்டமிடல் ஆகியவற்றைச் சோதித்த பத்து ஆய்வுகளை ஆந்தணி ருவாக்கோ என்ற ஆய்வாளர் 2005-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். எல்லாத் துறைகளிலும் சராசரியில் ஒரு சறுக்கல் தெரிந்தது, திட்டமிடலில்தான் அதிகம். ஆனால் ‘சராசரியில்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இதே நோயுடன் இந்தச் சோதனைகளில் அருமையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே செயல்நினைவுக் குறைவு இருப்பதால் இந்த நோய் வந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் குறைவு நோயை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறது என்பதே என் புரிதல். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஓயாத உணர்ச்சிப் புயல் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் கவனம் கெடும், கவனம் கெட்டால் அடுத்த சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும்.

நினைவு மட்டுமல்ல, மனிதர்களைப் படிப்பதிலும் இந்த நோயில் ஒரு சாய்வு இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள 15 பேருக்கும் இல்லாத 15 பேருக்கும் முகப் படங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதி, நோய் உள்ளவர்களுக்கு அதிகமாகத் துடித்தது. என்னை நிறுத்தியது அதைவிடச் சின்னதான ஒரு குறிப்பு. எந்த உணர்ச்சியும் காட்டாத சாதாரண முகங்களைக்கூட அவர்களில் சிலர் மிரட்டும் முகங்களாகப் பார்த்தார்கள். இதை வீட்டில் பொருத்திப் பாருங்கள். நீங்கள் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, மனத்தில் எதுவும் இல்லாமல், வெறுமனே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தங்கை அந்த முகத்தைப் பார்த்து, ‘என் மேல் என்ன கோபம்?’ என்று கேட்கிறாள். இப்படி ஒருமுறையாவது நடந்திருக்குமே?

பந்து விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்துப் போட்டார், அவர்களும் அவருக்குச் சிலமுறை எறிந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்த அற்ப விஷயம் தன்னை எவ்வளவு வருத்தியது என்று வியந்து, அதையே கணினியில் மூவர் ஆடும் பந்தாட்டச் சோதனையாக மாற்றினார். பார்டர்லைன் நோய் உள்ளவர்களை வைத்து இதைச் செய்து பார்த்தபோது, தங்களுக்குச் சமமாகப் பந்து வந்துகொண்டிருந்த ஆட்டத்திலும் ஒதுக்கப்பட்டதாகவே அவர்கள் உணர்ந்தார்கள். பந்து வருகிறது. ஆனால் வந்த பந்தைவிட வராத பந்துதான் கணக்கில் ஏறுகிறது.

மூன்றாவது ஆய்வைச் சொல்ல நம் ஊர் மொய் வழக்கம் எனக்கு உதவும். ஒரு வீட்டுக்கு நாம் செய்த மொய்க்குத் திரும்பி வரும் தொகை சற்றுக் குறைந்தால், ‘ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது’ என்று பெரியவர்கள் உடனே உணர்ந்துவிடுவார்கள். ஒரு நடை போய்ப் பேசிச் சரிசெய்துவிடவும் செய்வார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிரூக்ஸ் கிங்-காசஸ் குழுவினர், ஒருவர் பணம் போட, அது மூன்று மடங்காகி மற்றவர் கைக்குப் போக, அவர் விரும்பிய அளவு திருப்பித் தரும் ஆட்டத்தைப் பத்துச் சுற்று ஆடவைத்தார்கள். எதிராளி குறைவாகப் பணம் போட ஆரம்பித்தால், நோய் இல்லாதவர்களின் மூளையில் இன்சுலா என்ற பகுதி ‘உறவு தளர்கிறது’ என்று சைகை காட்டியது. அவர்கள் கொஞ்சம் தாராளமாகத் திருப்பித் தந்து எதிராளியைத் தேற்றினார்கள். பார்டர்லைன் நோய் உள்ள 55 பேரிடம், வந்த தொகை சிறுத்ததற்கு அந்தச் சைகை எழவில்லை. தேற்றும் முயற்சியும் குறைவாக இருந்தது. கூட்டு முறிந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பல குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. இல்லாத கோபம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையிலேயே நாம் மெல்லச் சலித்துக்கொண்டிருப்பது தெரிவதில்லை. முற்றிலும் வெடித்த பிறகுதான் தெரிகிறது. இரண்டுமே அவர்களுக்கு வேதனை.

‘மறுநாள் எதுவும் நடக்காததுபோல் பேசுகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இதையும் அந்த ஏந்தும் கொள்ளளவை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘அக்கா என்னை நேசிக்கிறாள்’, ‘அக்கா இன்று வரவில்லை’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருந்தால்தான் வருத்தம் வருத்தமாகவே நிற்கும், பேரழிவாக மாறாது. அவளால் அந்த நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடிகிறது. அதனால் நேற்று நீங்கள் கல்நெஞ்சக்காரி, இன்று உயிரான அக்கா. ஓட்டோ கெர்ன்பெர்க் போன்ற உளப்பகுப்பாய்வு அறிஞர்கள் இதைப் ‘பிளவுபடுத்தல்’ என்று அழைத்து, தாங்க முடியாத வலியிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதோடு கொள்ளளவின் கணக்கும் சேர்ந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். மேலும், புயலின் உச்சத்தில் சிலருக்கு உடம்பு இங்கே இருக்க, மனம் எங்கோ விலகிப்போய்விடும். அந்த நிலையில் புதிதாக எதையும் கற்க முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடந்ததன் பதிவும் அப்போது ஓட்டையாகத்தான் இருக்கும். ‘அவ்வளவு பேசிவிட்டு நினைவில்லை என்கிறாளே’ என்று அம்மா கொதிக்கும் சம்பவங்களில் சிலவாவது இந்த வகையாக இருக்கலாம்.

மற்ற ஆளுமைக் கோளாறுகளிலும் இதுபோன்ற சிந்தனைச் சிரமங்கள் உண்டு, வடிவம் வேறு. சந்தேகம் மிகுந்த வகையில், எதிரில் இருப்பவரின் நோக்கத்தைக் கெட்டதாகவே கணித்துவிடுவார்கள். விசித்திரமான எண்ணங்களும் நடத்தையும் கொண்ட ஸ்கிசோடைபல் வகையில் கவனமும் செயல்நினைவும் குறைவது அந்தக் கோளாறின் மையத்துக்கே நெருக்கமானது. சமூக விரோத வகையில், தண்டனையிலிருந்து பாடம் கற்பது சிலருக்குத் தடுமாறுகிறது. உங்களுக்குத் தேவையானது பார்டர்லைன் பற்றித்தான் என்பதால் அங்கேயே நிற்கிறேன்.

அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பார்டர்லைன் சுகர்’ என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது லேசான நோய் என்று தோன்றும். அப்படிப் பொருள் இல்லை. நரம்பியக் கோளாறு (நியூரோசிஸ்), கடும் மனநோய் (சைக்கோசிஸ்) என்று அன்று பிரித்துவைத்திருந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் என்ற கருத்தில் 1938-இல் அடோல்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் பயன்படுத்திய சொல் இது. அமெரிக்க நோய்ப் பட்டியலில் 1980-இல்தான் இடம்பெற்றது. ‘ஆளுமைக் கோளாறு’ என்பது குணக்கேடு என்பதற்கான மருத்துவப் பெயரும் அல்ல. அம்மாவுக்கு இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. கவனக்குறைவும் மறதியும் கண்ணில் பட்டதும் எல்லாவற்றையும் ஆளுமைக் கோளாற்றின் தலையில் போட்டுவிடக் கூடாது. தைராய்டு, இரத்தசோகை, பி12 குறைபாடு மூன்றையும் எளிய இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மனச்சோர்வும் சிந்தனையை மந்தமாக்கும். அடுத்து, அவள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். பதற்றத்துக்குத் தரப்படும் குளோனசெபாம், லோரசெபாம் போன்றவை நினைவை மங்கச் செய்யும். வேறு மாத்திரைகளின் பக்கவிளைவுக்காகச் சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடிலும் அப்படித்தான். டோபிரமேட் சிலருக்குச் சொற்களையே தேடவைக்கும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ‘இவை எல்லாம் இன்னும் தேவையா?’ என்று மருத்துவரைக் கேளுங்கள், போதும்.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறும் சிலருக்கு இதனுடன் சேர்ந்தே இருக்கும். அது 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். சின்ன வயதில் டிபன் பாக்ஸைத் தொலைப்பாளா, வீட்டுப்பாடத்தைக் கடைசி நிமிடத்தில் எழுதுவாளா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். பிளஸ் டூவில் இரண்டாம் இடம் வாங்கியவளுக்கு இது இருக்காது என்று முடிவு கட்டாதீர்கள். புத்திசாலிக் குழந்தைகள் பள்ளியின் கெடுபிடிக்குள் சமாளித்துவிட்டு, நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டிய வேலைக்குப் போனதும் சரிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வேலைகளும் போனதற்குச் சண்டை காரணமா, வேலைகளை வரிசைப்படுத்தி முடிக்க முடியாமல் போனது காரணமா? அவளிடம் நிதானமாகக் கேளுங்கள். கேட்கும் குரலில் குறுக்கு விசாரணை இருக்கக் கூடாது.

வீட்டில் என்ன செய்வது?

முதல் மாற்றம் வாக்கியத்தின் வரிசை. ‘ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். இன்று வர இயலவில்லை’ என்று சொல்லுங்கள். சொன்ன செய்தி அதேதான். ஆனால் பயம் எழும்புவதற்கு முன்பே ‘வருகிறேன்’ உள்ளே போய் உட்கார்ந்துவிடும். போனை வைத்ததும் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்புங்கள். சில்லறை இல்லாதபோது நம் நடத்துநர்கள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மீதியை எழுதித் தருவார்களே, அதுதான் இது. எழுதிக் கொடுத்துவிட்டால் இருவரும் நினைவை நம்ப வேண்டியதில்லை.

முகத்தையும் சொல்லால் விளக்கிவிடுங்கள். ‘தலைவலி, அதனால் பேசாமல் இருக்கிறேன். உன் மேல் ஒன்றும் இல்லை.’ பத்து வினாடி வேலை இது. அம்மா ஒரே மூச்சில் நான்கு வேலைகளை ஏவுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. அல்லது நான்கையும் ஒரு தாளில்.

புயல் அடிக்கும்போது ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று வாதாடாதீர்கள். அந்த நேரத்தில் அவளால் ஆதாரங்களை எடைபோட முடியாது. ‘என்னைப் பொய்க்காரி என்கிறாள்’ என்பது மட்டும்தான் பதியும். அதற்காக, சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ‘நான் வரவே மாட்டேனோ என்று பயந்துவிட்டாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன்.’ உணர்வை ஏற்கிறீர்கள், உண்மையையும் விட்டுக்கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுச் சற்று அமைதியாக இருங்கள். யார் சரி என்பதை மறுநாள், சாப்பிட்டு முடித்த பிறகு பேசலாம். ‘நேற்று நான் சொன்னதில் உனக்கு என்ன கேட்டது?’ என்று தொடங்கினால் அவளும் சேர்ந்து யோசிப்பாள். போன் உரையாடலைப் பதிவு செய்து போட்டுக்காட்டி நிரூபிக்கலாமா என்று சில குடும்பத்தினர் என்னிடம் கேட்டதுண்டு. தயவுசெய்து வேண்டாம். வழக்கில் ஜெயித்துவிடுவீர்கள், அவள் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவாள்.

இதையெல்லாம் சொல்வதால் அவள் செய்வது அனைத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக எண்ண வேண்டாம். பொருளை உடைத்தால் அவள்தான் சரிசெய்ய வேண்டும். தகாத சொல் சொன்னால், அமைதியான பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டும். அவள் பொய்யே சொல்லமாட்டாள் என்றும் நான் சொல்லவில்லை. கையைக் கீறிக்கொண்டதை வெட்கத்தால் மறைத்திருக்கலாம். செயல்நினைவு குறைவு என்ற அறிக்கை பொறுப்பிலிருந்து விடுதலைச் சீட்டு ஆகாது. எந்தப் பொறுப்பை எந்த நேரத்தில் கேட்டால் அவளால் சுமக்க முடியும் என்பதைத்தான் அது உங்களுக்குச் சொல்கிறது.

சிகிச்சைக்கு வருகிறேன். இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. உடன் இருக்கும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து உதவலாம். அடிப்படைச் சிகிச்சை பேச்சுவழி உளசிகிச்சைதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கி, 1991-இல் முதல் பெரிய ஆய்வை வெளியிட்ட டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற முறை தற்கொலை முயற்சிகளையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. லினஹனே தம் பதினேழாம் வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். 2011-இல் அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்.

சிகிச்சையாளரிடம் அந்த அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள். செயல்நினைவு குறைந்தவருக்கு ஒரே அமர்வில் ஐந்து உத்திகளைச் சொல்லித்தந்தால் ஒன்றும் தங்காது. ஒரு வாரத்துக்கு ஓர் உத்தி, அதுவும் எழுத்தில், அமர்விலேயே செய்துபார்த்து, அடுத்த வாரம் மறுபடி அதையே. அவள் அமர்வுக்கு வர மறந்தால், ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பதற்கு முன், முந்தின நாள் ஒரு நினைவூட்டல் போனதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிபிடி பயின்றவர்கள் நம் மாவட்டங்களில் அதிகம் இல்லை என்பது உண்மை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாறுமா என்று கேட்டீர்கள். பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில், மேரி ஜனாரினி குழுவினர் அங்கே சேர்க்கப்பட்டிருந்த 290 பார்டர்லைன் நோயாளிகளை 1992 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து பார்த்துவந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் 93 சதவீதத்தினர், குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்கான வரையறைக்குள் வராத நிலையை அடைந்தார்கள். நான் பயிற்சிக்கு வந்த காலத்தில் இது தீராத நோய் என்றுதான் எங்கள் காதில் விழும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் குடும்பங்களிடம் பேசும் விதமே மாறியது. மறைக்காமல் மற்றதையும் சொல்கிறேன். நல்ல உறவும் நிலையான வேலையும் சேர்ந்த முழு மீட்சியை அடைந்தவர்கள் மொத்தத்தில் பாதிப்பேர்தான். கீறிக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் முதலில் அடங்கும். வேலையில் நிலைப்பது மெதுவாகத்தான் வரும். திட்டமிடல், கவனம் ஆகியவற்றுக்கான பயிற்சியை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் இப்போதே சேர்க்கச் சொல்வது அதனால்தான். ஒரு முழுநேர வேலையைவிட நாளுக்கு நான்கு மணி நேர வேலையில் அவள் தொடங்கட்டும்.

அவள் ஏற்கெனவே ஒருமுறை முயன்றவள் என்பதால் இதையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், அப்பாவுடைய சர்க்கரை மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இரவு எந்நேரமானாலும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் தமிழில் பேசலாம். போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

அவளிடம் இந்தப் பதிலைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுங்கள், ஆனால் ஒரே மூச்சில் படிக்கக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த நடத்துநர் பகுதியை மட்டும் நீங்கள் படித்துக்காட்டி, ‘உனக்கு இப்படித்தான் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அவள் சொல்லும் விதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் தலைக்குள் நடப்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். எந்தெந்த விஷயங்களை எழுதி வைத்தால் உதவும் என்பதையும் அவளே சொல்லட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று சொல்லியிருந்தால் பத்து மணிக்கே போய்விடுங்கள். பஸ் தாமதமானால், எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வழியிலேயே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.